குடாப் பக்கத்துக் கடைசி ஜன்னல்

அதிபர் கதிரையில் புதிதாக உட்காரப்போகிற உங்களுக்கு முதல் நாளே ஒரு சாவிக்கொத்துத் தருவார்கள். அதைக் கையில் வாங்கியதும் பள்ளிக்கூடம் நம்முடையது என்று ஒரு நினைப்பு வரும். வரட்டும், பிழையில்லை. எனக்கும் வந்தது. ஒரு கிழமை அந்த நினைப்போடு நன்றாகத்தான் நடமாடினேன். பிறகு ஓர் அலுமாரியை இடம் மாற்றினேன். அத்தோடு அது போய்விட்டது.

நிர்வாகத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சுற்றறிக்கைகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவை எல்லாம் உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருக்கின்றன, வேண்டிய நேரத்தில் தட்டிப் பார்த்துக்கொள்வீர்கள். அதற்குள் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். இளைப்பாறிய டீச்சர்மார் அலட்டுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டி வீதியில் கப்பல்துறையைத் தாண்டி, குடாப் பக்கம் உள்ளே திரும்பும் ஒழுங்கையால் போனால் அந்தச் சிற்றூர் வரும். பெயர் சொல்லமாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். தமிழ்க் குடும்பங்கள் பாதி, முஸ்லிம் குடும்பங்கள் பாதி. கடலும் வயலும்தான் தொழில். நடுவில் பள்ளிக்கூடம். வெள்ளைக்காரன் காலத்து ஒரே நீள மண்டபம். சுவர்கள் கை நீட்டினாலும் அகலம் எட்டாத பருமன், மேலே ஓட்டுக் கூரை, இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கும் மேலான மர ஜன்னல்கள். ஒரு வரிசை குடாவைப் பார்த்திருக்கும், மற்றது றோட்டைப் பார்த்திருக்கும். கப்பலுக்குச் சாமான் வைக்கக் கட்டியது என்று சிலர் சொல்வார்கள், இல்லை, பள்ளிக்கூடமாகவே கட்டியது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எது உண்மையானாலும், அந்த ஊரில் வாக்குப் போடுவதும் அங்கேதான், பிள்ளைகளுக்கு ஊசி போடுவதும் அங்கேதான், மழை காலத்தில் கலியாணம் நடப்பதும் அங்கேதான்.

எனக்கு முன்பிருந்த அதிபர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், இந்த மண்டபத்தில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் அது ஆரின்ர ஜன்னல் எண்டு கேட்டுட்டு அடியுங்கோ."

முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு பகிடி விடுகிற மனிதர் அவர். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

வாசிகசாலைக்கென்று ஓர் இரும்பு அலுமாரி வந்தது. குடாப் பக்கத்துக் கடைசி ஜன்னலின் பிணைச்சல் பழுது, எப்படியும் அதைத் திறப்பது குறைவு என்று அலுமாரியை அதற்கு முன்னால் வைப்பித்தேன். அடுத்த நாள் காலை முதல் மணி அடிக்கும் முன்னரே குணராசா வந்து நின்றார். மீன்பிடிகாரர், கறுத்து உயர்ந்த ஆள், அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குள் மூத்தவர். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அலுமாரி எங்கட ஜன்னலை மறைச்சுப்போட்டுது டீச்சர்."

"உங்கட ஜன்னலோ? அது அரசாங்கத்தின்ர ஜன்னலல்லோ அண்ணன்."

"அரசாங்கம் எப்பவாவது வந்து அதுக்குக் கீழ படுத்ததே?"

காரணத்தையும் அவரே சொன்னார். முந்திய சூறாவளிக்கு அவருடைய தகப்பன் குடும்பத்தை இழுத்துக்கொண்டு வந்து ஒதுங்கியது அந்த ஜன்னலடியில். பிறகு சண்டைக் காலத்தில் ஊர் ஓடியபோது மாதக்கணக்காக இருந்தது அங்கே. சுனாமியில் கடல் வந்த அன்று ஈரத்தோடு ஏறி உட்கார்ந்ததும் அங்கே. அவருடைய மகள் சுகந்தி கைக்குழந்தையாய் இருந்தபோது, ஜன்னலுக்கு நேர் மேலே இருக்கும் தீராந்தியில்தான் ஏணை கட்டிப் படுக்கவைத்தார்கள். தீராந்தி என்றால் கூரையைத் தாங்குகிற குறுக்கு மரம், உங்களில் பலருக்கு இப்போது கொங்கிறீற்றுத்தான் தெரியும். ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒரு ஜன்னல் இருந்தது. எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனால் எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டும். ஒருவர் ஜன்னலடியில் மற்றவர் கூப்பிடாமல் போய் இருப்பதில்லை.

அன்று மத்தியானமே அலுமாரி நகர்ந்தது. பகிடிக்காரர் என்று நினைத்த பழைய அதிபரை மனதுக்குள் கும்பிட்டேன்.

இனி மழைக் கதை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், புயல் எங்கள் பக்கமாக வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தை மூடி, மண்டபத்தைத் திறந்து வைத்தோம். மத்தியானத்துக்கு முன்னரே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. பாய், அடுப்பு, ஆட்டுக்குட்டி, பிள்ளைகளின் புத்தகப் பைகள். கிராம உத்தியோகத்தர் பதிவுக்குப் பேனா எடுக்கும்போது எல்லாரும் தங்கள் தங்கள் ஜன்னலடியில் பாய் விரித்து முடிந்திருந்தது. குடாப் பக்கக் கதவுக்குள்ளால் காற்று அள்ளி அடித்ததால் அதைப் பலகை வைத்து அறைந்துவிட்டோம். உள்ளே வர, வெளியே போக றோட்டுப் பக்கக் கதவு ஒன்றுதான்.

குணராசா குடும்பத்தோடு கடைசி ஜன்னலடியில் இருந்தார். சுகந்திக்குப் பெண்குழந்தை பிறந்து மாதம் நிரம்பவில்லை.

பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன். கழுத்தில் ஏதோ பொடியாக விழுந்தது. தட்டிப் பார்த்தேன், சுண்ணாம்பும் மரத்தூளும். அண்ணாந்து பார்த்தேன். தீராந்தி சுவருக்குள் நுழைகிற இடத்தில், நான் இதுவரை கண்டிராத ஓர் இடைவெளி. சுவர் மேலிருந்து கீழ்வரை நனைந்திருந்தது. காலையில் திறந்து மூடிய ஜன்னல் கதவு இப்போது அசையவில்லை. எனக்குக் கட்டட சாத்திரம் தெரியாது. ஆனாலும் அது சரியில்லை என்று தெரிந்தது.

அதற்குள் குணராசா கதிரையில் ஏறி நின்று, ஏணைக் கயிற்றைத் தீராந்திக்கு மேலால் எறியப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், கொஞ்சம் பொறுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அலுவலக அறைக்குப் போய், ஓர்ஸ் ஹில்லில் இருக்கும், கட்டடங்களைப் பார்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்ல பிள்ளை, நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"இஞ்சயிருந்து சொல்ல ஏலாது டீச்சர். சில நேரம் ஒண்டும் நடக்காது. சில நேரம்…"

தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு எடுக்கவே முடியவில்லை.

அந்தச் 'சில நேரம்' என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீங்களும் ஒரு நாள் நிற்பீர்கள். முழுதாகத் தெரிந்த பிறகு முடிவெடுக்க ஓர் அதிபர் தேவையில்லை.

கூரை விழப்போகிறது என்று கத்த ஏலாது. ஒரே கதவு. குழந்தைகள், வயதானவர்கள், கொதிக்கிற அடுப்புகள். கத்தினால் கூரை கொல்லாதவர்களை அந்தக் கதவடி நெரிசல் கொன்றுவிடும். ஆகவே காலைக் கூட்டத்தில் பேசுகிற குரலை எடுத்தேன்.

"குடாப் பக்கத்து ஆக்கள் எல்லாரும் றோட்டுப் பக்கம் ஒருக்கா நகருங்கோ. கூரை ஒழுக்குப் பாக்கவேணும்."

பிள்ளைகள் எழும்பினார்கள். பெரியவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பிள்ளைகளும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். வருடக்கணக்காக ஊரையே வரிசையில் நிறுத்திய குரல், அன்று ஒரு பாயைக்கூட நகர்த்தவில்லை.

குணராசாவிடம் போய்க் குனிந்து, காதோடு உண்மையைச் சொன்னேன். அவர் மேலே பார்த்தார்.

"எத்தினை மழைக்கு நிண்ட மரம் டீச்சர்."

"மரத்தை விடுங்கோ. பிள்ளையைப் பாருங்கோ."

பார்த்தார். முகம் மாறியது. ஆனால் எழும்பவில்லை.

"எங்க போய் இருக்கிறது? பிள்ளை பிறந்த துடக்குக்காறர் நாங்கள். மாசம் கழியாமல் மற்ற ஆக்களின்ர இடத்தில போய் ஏற ஏலாது. அதோட, கூப்பிடாத இடத்துக்கு…"

அவர் கண் ஒரு கணம் எதிர்ப் பக்கம் போய்த் திரும்பியது. மண்டபத்திலேயே காய்ந்த, நல்ல இடம் அது, கதவுக்குப் பக்கத்து ஜன்னல். றபீக்கின் ஜன்னல், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் நாங்கள் 'நானா' என்கிற றபீக். குணராசாவுக்கும் றபீக்குக்கும் தோணி கட்டும் இடத்தைப் பற்றி ஒரு சண்டை வந்து, பொலிஸ் வரை போய், முகம் பார்ப்பதை விட்டு வெகுகாலம். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் குணராசாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் எழும்பினால் எழும்பும், இல்லாவிட்டால் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கமாட்டேன். பச்சைக் குழந்தைக்கு மேலே உக்கின மரம், இந்த மனிதருக்குப் பெரிய மனிதத்தனம். இரண்டு அறை கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அப்போதுதான் அலுமாரி நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இவர் உட்காராமல்தானே நின்றார். இவருக்குக் கூரை பயமில்லை. அழைக்காத இடத்தில் போய் இருந்துவிட்டு நாளைக்கு ஊரில் நடக்கவேண்டுமே என்பதுதான் பயம். எனக்கு அது அற்பமாகத் தெரிந்தாலும் அவருக்கு அது அற்பமில்லை.

இவ்வளவு நேரமும் நான் கதைக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆளோடு கதைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது விளங்கியது. எழும்ப வேண்டியவர்களை விட்டுவிட்டு, இடம் கொடுக்க வேண்டியவர்களிடம் போனேன்.

றபீக் சாரலுக்கு மறைப்பாக ஜன்னலுக்குப் படங்கு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஜெசீமா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. அவர்களுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அந்த மூலையில மரம் சரியில்லை. சுகந்தியின்ர பிள்ளை அதுக்கு நேர கீழ. நான் சொல்லிப் பாத்திட்டன், அசையினமில்லை. நீங்கள் கூப்பிட்டால் வருவினம்."

றபீக் படங்குக் கயிற்றை விடவில்லை.

"என்னக் கண்டா மொகத்தத் திருப்புற மனுசன். நான் கூப்பிட்டா வருவாரா டீச்சர்?"

"வராட்டில் கூப்பிட்ட உங்களுக்கு என்ன குறை நானா?"

அவர் யோசித்தார். என் காதெல்லாம் அந்த மூலையில்தான். ஜெசீமா கத்தியை வைத்துவிட்டு எழும்பி, விரித்திருந்த பாயைப் பாதிக்குச் சுருட்டினா.

"நீங்க யோசிச்சிட்டு வாங்க. நான் போறன்."

மண்டபத்தின் நடுவால் நடந்து எதிர்ப் பக்கம் போனா. பேச்சுக் குறைந்தது. எல்லாரும் பார்த்தார்கள். குணராசாவை அவ பார்க்கவே இல்லை, சுகந்திக்கு முன்னால் போய்க் குந்தினா.

"புள்ளக்குக் குளிரடிக்கி. எங்கட ஜன்னலடி காஞ்ச இடம். எழும்பி வா மகள்."

சுகந்தி தகப்பனைப் பார்த்தாள். குணராசா தொண்டையைச் செருமினார்.

"துடக்குக் கிடக்கு."

"அது உங்கட ஆக்களுக்கு. எங்களுக்கு இல்ல. புள்ளயத் தாங்க."

கையை நீட்டியபடியே இருந்தா. சுகந்தி குழந்தையைக் கொடுத்துவிட்டாள். குணராசா அப்போதும் இருந்தார், ஏணைக் கயிறு மடியில். நான் வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் என் வாய் திறந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும், இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் காலடி கேட்டது. றபீக். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"குணராசா அண்ணன், வாங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் மண்டபம் முழுவதும் கேட்டது.

குணராசா கயிற்றைச் சுற்றி எடுத்தார். பாயை உதறிச் சுருட்டினார். எழும்பி நடந்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு நான் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. றோட்டுப் பக்கத்து ஜன்னல்களிலிருந்து ஒருவர் பின் ஒருவராகக் குரல்கள். "தங்கம்மாக்கா, இஞ்சால வாங்கோ." "ஹனீபா நானா, எங்கட பக்கம் இடம் கிடக்கு." "ஆட்டையும் கொண்டு வாங்க, என்ன செய்ய." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதேன் என்றே சொல்லலாம், வயது போனவளுக்கு அதில் என்ன வெட்கம்.

குடாப் பக்கம் வெறுமையானதும் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை இழுத்துக் குறுக்கே போட்டேன். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் காரணத்தைச் சொன்னேன். ஒருவரும் கதவுக்கு ஓடவில்லை. பக்கத்தில் ஆட்கள் நெருங்கி இருந்ததாலோ என்னவோ, பயம் அவ்வளவாகத் தெரியவில்லை.

கூரை விழுந்து நான் சொன்னது சரி என்று ஆகியிருக்கும் என்று நினைத்தீர்களா? ஒன்றும் விழவில்லை. புயல் கொஞ்சம் ஒதுங்கிப் போனது. மறுநாள் மழை விட்டு ஊர் வீட்டுக்குப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனது.

"டீச்சர், உங்கட கூரை இன்னும் நிக்குது" என்றார் றபீக்.

"நிக்கட்டும் நானா, நல்லதுதானே" என்றேன். சிரித்தேன்தான், உள்ளுக்குள் கொஞ்சம் கூசியது. சரியான முடிவு எடுத்த பிறகும் இப்படிப் பகிடி கேட்கவேண்டி வரும். கேட்டுக்கொள்ளுங்கள். பகிடிக்குப் பயந்து முடிவெடுக்காமல் இருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன், அவர்களைப் பற்றி இங்கே வேண்டாம்.

அந்தக் கிழமையே தச்சு வேலைக்காரர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். என்னையும் குணராசாவையும் கீழே நிற்கச் சொல்லிவிட்டு, திருகாணிக் கருவியைத் தீராந்தியின் முனையில் வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே பார்த்தால் மரம், உள்ளே கறையான் மண். இறங்கி வந்து கையைக் கழுவினார்.

"இதில ஒரு பாரமும் தொங்கவிடேல்லைத்தானே?"

குணராசா வெளியே போய்க் குடாவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நானும் கூப்பிடவில்லை.

புது மரம் கிண்ணியாப் பக்கத்து மர ஆலையில் கிடைத்தது. அந்த நீளத்துக்கு லொறி எங்கள் ஒழுங்கையில் திரும்பாது. தண்ணியால்தான் கொண்டு வரவேண்டும், இரண்டு தோணிகளுக்கு நடுவில் கட்டி. யாருடைய தோணி என்று நான் கேட்கவில்லை. காலையில் பார்த்தால் இரண்டும் புறப்பட்டுப் போயிருந்தன, ஒன்று றபீக்கினது, மற்றது குணராசாவினது. மரம் திரும்பாமல் வரவேண்டுமானால் இரண்டு தோணியும் ஒரே வேகத்தில் வரவேண்டும், ஒரே வேகத்தில் வரவேண்டுமானால் ஆளோடு ஆள் கதைக்கத்தான் வேண்டும். கரைக்கு வரும்போது இருவரும் உரத்த குரலில் ஏசிக்கொண்டு வந்தார்கள், யார் இயந்திரத்தைக் கண்டபடி முறுக்கியது என்று. கரையில் நின்ற ஊருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கதைக்காமல் இருந்ததைவிட ஏசுவது எவ்வளவோ மேல்.

அதற்குச் சில காலத்தின் பின் நான் இளைப்பாறினேன். இப்போது ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறேன். போன மாரிக்குத் திரும்பவும் புயல் என்றார்கள். வீட்டில் இருக்க மனம் கேட்கவில்லை, ஓட்டோ பிடித்துப் போய்விட்டேன். புது அதிபர் வாசலில் நின்றார், உங்கள் வயதுதான். ஒவ்வொரு ஜன்னலிலும் இலக்கம் எழுதி ஒட்டியிருந்தார். அந்தக் கடதாசிகளுக்குக் கீழே ஊர் தன் பாட்டில் தன் இடத்தில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கற்றுக்கொள்ளட்டும்.

வழக்கம்போல அலுவலக அறைப் பக்கம் திரும்பினேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் முழுவதும் நான் எந்த ஜன்னலடியிலும் இருந்ததில்லை. அதிபர் எல்லாருக்கும் பொது என்று வெளியில் சொல்வேன். எனக்கென்று அங்கே ஒன்றும் இல்லை, நான் வந்த ஆள்தானே என்பதுதான் உள்ளே இருந்தது. மழை நாட்களில் அது கொஞ்சம் நோகும்.

"டீச்சர், எங்கட ஜன்னலடிக்கு வாங்கோ."

சின்னக் குரல். திரும்பிப் பார்த்தேன். சுகந்தியின் மகள் மிதுஷா, இப்போது முதலாம் வகுப்பு, றபீக்கின் ஜன்னலடியில் ஜெசீமாவின் மடியில் சாய்ந்துகொண்டிருந்தாள். எதிர்ப் பக்கத்திலிருந்து குணராசா கேட்டார்.

"உன்ர ஜன்னல் இஞ்சயல்லோ கிடக்கு. அங்க என்ன செய்யிறாய்?"

"அது உங்கட, தாத்தா. இது என்ர."

றபீக் படங்கு கட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். குணராசாவும் சிரித்தார். புதுத் தீராந்தியில் அவர் வீட்டு அடுத்த குழந்தைக்கு ஏணை கட்டியிருந்தது. ஜெசீமா பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினா.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் இருந்தேன்.